உண்ணும் மலரும் உண்ணா மலரும்

சென்ற பொங்கல் விழாவில் நம் மன்றத்தார் இலை போட்டு விருந்து வைத்தது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். சர்க்கரைப் பொங்கல் வைத்த தட்டுகளைச் சுற்றி, அழகுக்காக, மேடையில் மிஞ்சிய மாலைகளைப் பிய்த்துப் பூக்களைத் தூவியிருந்தோம். செண்டுமல்லி இருந்தது; ரோசா இருந்தது; இடையிடையே இளஞ்சிவப்பாக மற்றொரு பூவும் இருந்தது. முதலாண்டு மாணவர் ஒருவர், “பெரிய உணவகங்களில் இப்போது பூவையும் சேர்த்துத்தானே பரிமாறுகிறார்கள்!” என்று சொல்லிக்கொண்டே அந்த இளஞ்சிவப்புப் பூவை எடுத்து வாயருகே கொண்டுபோனார். பரிமாறிக்கொண்டிருந்த சமையற்கார அண்ணாச்சி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார்.

“தம்பி, கீழே போடுங்க. அது அரளி!”

விருந்து இனிதே முடிந்தது. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பூவைத் தூவியவர்களுள் நானும் ஒருவன். அத்தட்டில் இருந்த பூக்களுள் எது உண்ணத்தக்கது, எது தகாதது என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், பட்டப்படிப்பு முடித்த எனக்கு விடை சொல்லத் தெரிந்திராது. அந்த வெட்கமே என்னைத் தோட்டக்காரனாக்கியது. தோப்பும்படியில் நான் குடியிருக்கும் வீட்டு மாடியில், உண்ணத்தக்க வண்ண மலர்களை விதையிலிருந்து வளர்க்கத் தொடங்கினேன். அதில் கற்றதை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழகும் நஞ்சும்

அரளியில் இரு வகைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். செவ்வரளியும் வெள்ளரளியும் ஓர் இனம். மஞ்சளரளி வேறோர் இனம். இரண்டிலும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு, இலை, பூ, விதை, பட்டை என எல்லா உறுப்புகளிலும் உண்டு. காயவைத்தாலும் அது போய்விடுவதில்லை. 2024-ஆம் ஆண்டில் கேரளத்தில் ஓர் இளம்பெண்ணின் மரணம் அரளியோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டது. அதைத் தொடர்ந்து அவ்வாண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியமும் மலபார் தேவஸ்வம் வாரியமும் தங்கள் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கலாகாது என்று முடிவு செய்தன. பல்லாண்டுப் பழக்கம் ஒன்று, வாய்க்குள் போகும் பொருள் என்ற ஒரே காரணத்தால் மாற்றப்பட்டது.

இலக்கியம் பயிலும் நண்பர்கள் மற்றோர் எடுத்துக்காட்டை அறிவர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறைமேல் குவித்த மலர்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. 99 மலர்கள் என்பர். அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது செங்காந்தள். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்கிசின் என்னும் பொருள் ஆளைக் கொல்ல வல்லது. அதே வரிசையில் வரும் கருவிளை என்பது நீலச் சங்குப்பூ. காக்கணம் என்றும் இதைச் சொல்வர். இதன் பூவை உணவில் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ஆகவே, ஒரே குவியலில் உண்ணும் மலரும் இருந்தது. உண்ணா மலரும் இருந்தது. கபிலர் பாடியது சூடும் மலர்களை. சூடுவதற்குக் கண் போதும். உண்பதற்குப் பெயர் தெரிய வேண்டும்.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பரங்கி என்பதை இங்குள்ளோர் மத்தன் என்பர். நாம் செங்காந்தள் என்பதை மேந்தோன்னி என்பர். நம் ஊர்களிலேயே பூசணி என்ற சொல்லை ஓரிடத்தில் வெள்ளைக் காய்க்கும் மற்றோரிடத்தில் மஞ்சள் காய்க்கும் வழங்குகிறோம். எனவே, உண்ணப்போகும் பூ ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், தாவரவியற் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

விதையிலிருந்து ஏன்?

“பெயர் தெரிந்த பூவைக் கடையில் வாங்கி உண்ணலாமே?” என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஓணத்தின்போது கொச்சிக்கு வரும் பூக்களிற் பெரும்பகுதி தோவாளை, திண்டுக்கல், ஓசூர்ப் பக்கங்களிலிருந்தும் கன்னட நாட்டுக் குண்டலுப்பேட்டையிலிருந்தும் வருகிறது. செண்டுமல்லி இதழ் உண்ணத்தக்கது என்று படித்துவிட்டு, பூக்கடையில் அரைக் கிலோ கேட்டேன். எதற்கென்று அந்த அக்கா வினவினார். சோற்றில் தூவ என்றேன். அவர் பூவை நிறுக்கவே மறுத்துவிட்டார்.

“சாமிக்கும் கோலத்துக்கும் கேளுங்க தம்பி, தர்றேன். திங்கறதுக்கு வேணாம். வாடாம இருக்க, பூச்சி விழாம இருக்க, எத்தன மருந்து அடிச்சிருக்காங்களோ, யாரு கண்டா?”

அவர் சொன்னது முற்றும் சரி. மாலைக்கென வளர்க்கும் பூவுக்கு உணவுப் பயிருக்குரிய கட்டுப்பாட்டோடு மருந்து அடிக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் எழுவதில்லை. நாற்றுப் பண்ணையில் பூத்த நிலையில் வாங்கும் தொட்டிச் செடிக்கும் இது பொருந்தும். விதையிலிருந்து வளர்த்தால், முளை விட்ட நாள் முதல் அச்செடிக்கு ஊற்றிய நீரும் இட்ட எருவும் நமக்குத் தெரியும். அதன் வரலாறு முழுவதும் நம் கையில் இருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். கடையில் விற்கும் விதைகள் சில, பூசணம் தாக்காதிருக்க மருந்து பூசப்பட்டு இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். அவற்றை வாயில் வைக்கலாகாது; ஊன்றியபின் கையைக் கழுவ வேண்டும்.

தோப்பும்படியின் மழையும் மண்ணும்

என் முதல் முயற்சி தோல்வியுற்றது. வீட்டுக்கார அம்மச்சியின் வேலியில் நீலமாகப் பூத்துப் படர்ந்திருந்த கொடியைக் காட்டி, அது என்னவென்று கேட்டேன். “சங்குபுஷ்பமாணு மோனே” என்று சொல்லி, காய்ந்த நெற்றுகள் ஒரு கைப்பிடி பறித்துத் தந்தார். அன்றே விதைத்தேன். அது ஜூன் மாதம். கொச்சியில் ஓராண்டில் ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. நான்கே நாளில் பைகள் குளமாயின. விதைகள் அழுகிப்போயின.

பிறகு காலக்கணக்கை மாற்றிக்கொண்டேன். நம் ஊர்களில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பர். அக்கணக்கை மலைக்கு இப்பால் அப்படியே கொண்டுவந்தால் விதை நீரில் மிதக்கும். இங்கே மென்மையான நாற்றுகளுக்கு ஏற்ற காலம் செப்டம்பர் முதல் ஜனவரி வரை. ஐப்பசியில் மாலை இடிமழை உண்டெனினும் பகலில் வெயில் கிடைக்கும்.

தோப்பும்படி காயலை ஒட்டிய ஊர். மண் மணற்பாங்கானது, சில இடங்களில் உப்பும் ஏறும். ஆகவே நிலத்தை நம்பாமல், குரோ பேக் எனப்படும் வளர்ப்புப் பைகளையே பயன்படுத்துகிறேன். செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய சாண எரு ஒரு பங்கு என்று கலந்தால் போதும். நார்த்தூளை நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பின்பே சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருப்பதுண்டு. பையின் அடியில் துளைகள் அவசியம். பையை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தால் நீர் தேங்காது. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் படும் இடமாக இருத்தல் வேண்டும். பூச்சிமருந்து எதுவும் அடிப்பதில்லை. மழைக்கால இரவுகளில் நத்தைகள் வரும். விளக்கு வைத்துக்கொண்டு ஒரு குச்சியால் பொறுக்கி எறிவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. வெறுங்கையால் நத்தையைத் தொடலாகாது.

நான்கு நிறங்கள்

நீலத்துக்குச் சங்குப்பூ. இதன் தாவரவியற் பெயர் கிளைட்டோரியா டெர்னேடியா. விதையின் தோல் மிகக் கடினமானது; நீர் எளிதில் உள்ளே புகாது. என் இரண்டாம் முயற்சியில் விதைகள் அழுகவில்லை. ஆனால் முளைக்கவும் இல்லை. இதுவே காரணம். விதையின் கண்ணுக்கு எதிர்ப்புறத்தில் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, மறுநாள் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினேன். ஒரு வாரம், பத்து நாளில் முளை கண்டது. இது கொடி, பற்றிப் படரக் கயிறோ கம்பியோ கட்ட வேண்டும். இரண்டு மாத அளவில் பூக்கத் தொடங்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பிடித்துத் தரும். மிகுதியான எரு வேண்டுவதில்லை. உண்பதற்குப் பூவிதழ் மட்டுமே. அடியிலுள்ள பச்சைப் பகுதியை நீக்கிவிட வேண்டும். வேரும் விதையும் பேதியாகச் செய்வன. அவற்றைத் தொட வேண்டா. வேலிகளில் குன்றிமணிக் கொடியும் சேர்ந்து படர்ந்திருப்பதுண்டு. அதன் விதை கொடிய நஞ்சு. சங்குக் கொடியின் ஓர் இலையில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் இருக்கும். குன்றிமணியில் புளிய இலைபோல் பல இணைகள் இருக்கும். விதை சேகரிக்கப் புறப்படுவோர் இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டு புறப்படுக.

மஞ்சளுக்குப் பரங்கிப்பூ. இதற்கு விதை தேடி அலைய வேண்டா. சமையலறையில் அரிந்த பரங்கிக்காயிலேயே இருக்கிறது. கழுவி நிழலில் உலர்த்திப் பெரிய பையில் இரண்டு விதை ஊன்றினால் ஒரு வாரத்தில் முளைக்கும். ஏறக்குறைய 45 நாளில் முதலில் ஆண்பூக்கள் வரும். மெலிந்த நீண்ட காம்பில் நிற்பது ஆண்பூ. அடியில் குண்டுமணியளவு பிஞ்சோடு நிற்பது பெண்பூ. ஆண்பூக்களையே பறிக்க வேண்டும். அவற்றிலும் சிலவற்றைத் தேனீக்களுக்கு விட்டுவைத்தால் காயும் கிடைக்கும். விடியலில் மலர்ந்து, முற்பகலிலேயே குவிந்துவிடும் பூ இது. பறித்தவுடன் உள்ளே வண்டு இருக்கிறதா என்று பார்த்து, நடுத்தண்டை நீக்கி, கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் நம் பஜ்ஜிக்கு இளையதன்று. இக்குடும்பத்துச் செடிகள் அயல்மகரந்தம் ஏற்றுச் சில வேளைகளில் கடுங்கசப்பாக மாறுவதுண்டு. கசந்தால் துப்பிவிடுக, அக்கசப்பு நஞ்சின் அறிகுறி.

செம்மைக்கு ரோசெல்லா. நம் புளிச்சைக்கீரையின் உறவு. மலையாளத்தில் மத்திப்புளி என்பர். நாம் உண்ணும் செம்பகுதி பூவிதழன்று. பூ உதிர்ந்தபின் காயைச் சூழ்ந்து தடிக்கும் புல்லிவட்டமே அது. நன்கு வளர்ந்த செடியாக வேண்டுமாதலால் இதை மட்டும் மழை தொடங்குமுன், மே மாதத்திலேயே, கூரையடியில் நாற்றுவிட்டு, செடி நிமிர்ந்தபின் வெளியே வைக்கிறேன். எவ்வளவு முன்னால் விதைத்தாலும், பகற்பொழுது குறையும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பூக்கும். கொச்சியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதி. அச்சிறு வேறுபாட்டையும் செடி அறிந்துகொள்கிறது! துவையலுக்கும் சர்பத்துக்கும் ஏற்றது. புளிப்பு மிகுந்ததாகையால் அலுமினியப் பாத்திரத்தில் காய்ச்சலாகாது.

செம்மஞ்சளுக்குச் செண்டுமல்லி. ஊசிபோன்ற கருவிதையை அரைச் சென்டிமீட்டர் ஆழத்தில் தூவினால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். செடி ஒரு சாண் உயர்ந்தபின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விடும். இரண்டு மாதத்தில் பூக்கும். இதழை மட்டும் உருவி, அதன் அடியிலுள்ள வெண்மையான பகுதியை நறுக்கிவிட வேண்டும், அது கசக்கும். எலுமிச்சைச் சோற்றின்மேல் ஒரு சிட்டிகை தூவினால் போதும்.

ஐந்தாவதாக நாஸ்டர்டியம் என்னும் அயல்நாட்டுப் பூவையும் முயன்றேன். தென்னமெரிக்க மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்டது. கடுகுபோல் காரமான சுவையுடையது. தோப்பும்படியில் இலையாகவே தழைத்தது, பூக்கவில்லை, வெயில் ஏறியதும் பட்டுப்போயிற்று. உதகையிலோ கொடைக்கானலிலோ வீடுள்ள நண்பர்கள் முயன்று பார்க்கலாம்.

கோப்பையில் ஒரு சோதனை

வேதியியல் நண்பர்களுக்கு ஒரு சொல். ஒரு குவளை வெந்நீரில் ஐந்து சங்குப்பூவை ஐந்து நிமிடம் இட்டால் நீர் நீலமாகும். எலுமிச்சைச் சாறு சில துளி விட, நீலம் ஊதாவாகும். வேறொரு கோப்பையில் சமையற்சோடா இட, பச்சைக்குத் திரும்பும். நிறமி அந்தோசயனின் வகையைச் சேர்ந்தது. அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் காட்டிவிடும். வியப்பு என்னவெனில், சங்குப்பூவின் நீலத்துக்கும் ரோசெல்லாவின் சிவப்புக்கும் அடிப்படை ஒன்றே. அதை டெல்பினிடின் என்பர். சங்குப்பூவில் அதனோடு பிற மூலக்கூறுகள் பல பிணைந்து நீலத்தை நிலைநிறுத்துகின்றன. ரோசெல்லாவின் புளிப்பில் அது சிவப்பாகவே நிற்கிறது. செண்டுமல்லியின் நிறமோ லூட்டின் என்னும் வேறொரு பொருள். அது கொழுப்பில் கரைவது. ஆகையால் நீரில் எவ்வளவு ஊறவைத்தாலும் நிறம் அவ்வளவாக இறங்காது.

இந்நீலத்தை மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தார் நாசி கெராபு என்னும் சோற்றுக்கு ஏற்றுகின்றனர்; தாய்லாந்தில் பானமாக அருந்துகின்றனர். அமெரிக்க அரசு 2021-இல் இப்பூவின் சாற்றைச் சில உணவுகளுக்கு நிறமூட்ட இசைவளித்து, 2025-இல் அவ்விசைவை விரிவாக்கியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ உலர்ந்த சங்குப்பூவை உணவாக விற்பதற்கு 2022-இல் பாதுகாப்புக் காரணம் காட்டி மறுப்புத் தெரிவித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, அளவோடு உண்க என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம். இப்பூக்களை மருந்தென்று நான் சொல்ல வரவில்லை. கருவுற்றோரும், நாள்தோறும் மருந்து உண்போரும், மகரந்தம் ஒவ்வாதோரும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. மற்றவர்களும் முதல் முறை ஒரே வகைப் பூவைச் சிறிதளவு உண்டு, மறுநாள் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். தவறி நச்சுப் பூவை யாரேனும் உண்டுவிட்டால், கைவைத்தியம் பார்த்துக் காலங்கடத்தாமல், அப்பூவின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பெயரெழுதிய பெரியோர்

இக்கொச்சி மண்ணில் பூக்களின் பெயரை எழுதிவைக்கும் வேலை மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே நடந்திருக்கிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். டச்சுக்காரரின் ஆளுநராக இங்கிருந்த வான் ரீடு என்பவர், மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் படத்தோடு தொகுத்தார். ‘ஓர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்கபட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய கொங்கணி வைத்தியர்களும் செடிகளின் பெயரையும் பயனையும் சொல்ல, அது எழுதப்பட்டது. சங்குபுஷ்பம் அதில் இருக்கிறது, மேந்தோன்னியும் இருக்கிறது, அரளியும் இருக்கிறது. பேராசிரியர் கே. எஸ். மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு அதனை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தந்தார். செடியின் பெயரைச் சரியாகச் சொல்லுதல் உயிர் காக்கும் வேலை என்பதை அவ்வைத்தியர்கள் அறிந்திருந்தனர். அவர்கள் வாழ்ந்த ஊருக்கு அருகிலேயே படித்துக்கொண்டு, அரளியைச் சோற்றுத் தட்டருகே தூவினோம் நாம்.

ஆகவே மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கலுக்கு நாமே பூ வளர்ப்போம். மே மாதத்தில் ரோசெல்லா, செப்டம்பரில் சங்குப்பூ, அக்டோபர் இறுதியில் பரங்கியும் செண்டுமல்லியும் என்று விதைத்தால் தை முதல் நாளுக்கு நான்கு நிறமும் ஒருங்கே கிடைக்கும். விடுதி மாடியில் இருபது பைகள் வைக்க இடம் உண்டு. விதை வேண்டுவோர் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். சங்கு நெற்றுகளை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பைமீதும் பூவின் பெயரை மூன்று வகையாலும் எழுதிய ஓர் அட்டை இருக்கட்டும். விருந்தன்று அதே அட்டை தட்டருகிலும் இருக்கட்டும்.

அரளியை நாம் பகைக்க வேண்டுவதில்லை. அது சாலையோரத்தில் அழகாகப் பூத்து நிற்கட்டும். அதன் இடம் அது. இலையில் விழும் பூ எதுவென்று மட்டும், விழுவதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருக்கட்டும்.